முத்திரையில் இல்லாத தபால் செலவு

நண்பகல் லுஹர் தொழுது முடித்த நேரம். வீட்டில் நானும் என் கணவரின் சகோதரியான மச்சியும்தான். சத்தமாக வைத்திருந்த கைத்தொலைபேசியில், என்னிடம் தபாலில் தொழுகை உடுப்பு வாங்கிய மூதூர்த் தங்கச்சி ஒருவர்.

“ராத்தா, பார்சல் வந்திட்டு. ஆனா தபால் செலவெண்டு நீங்க எடுத்ததில பாதிக்குத்தான் முத்திரை இருக்கு. மிச்சத்த ஒட்ட இடமில்லாமப் போச்சா?”

மச்சி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிச்சம் பெட்டிக்கும், டேப்புக்கும், நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனைத் தபால் கந்தோருக்குப் போய்வந்த ஓட்டோவுக்கும் சரியாகப் போனது. நான் ஒரு சதமும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துத் ‘தபால் செலவு’ என்றுதான் எழுதியிருந்தேன். அது உண்மையில்லையே.

விபரத்தைச் சொல்லி, “மிச்சத்தத் திருப்பி அனுப்பவா?” என்று கேட்டேன்.

“வேணா ராத்தா. மனசாரப் பொறுத்து ஹலாலாக்கிட்டன். ஓட்டோக்கும் சேத்தெண்டு முதல்லயே சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டன்.”

“அவவே விட்டிட்டா. நீங்க இன்னும் என்னத்துக்கு மொகத்தத் தூக்கி வெச்சிருக்கீங்க?” என்றார் மச்சி.

மூதூர்த் தங்கச்சி வாய்விட்டுக் கேட்டதால் தீர்ந்தது. கேட்காமல் மனதுக்குள் வைத்திருப்பவர்களை நான் எப்படி அறிவேன்?

இனிமேல் பெட்டி, ஓட்டோ என்று தனித்தனியாகவே எழுதுவேன், இன்ஷா அல்லாஹ். இதற்கு முன் என்னிடம் வாங்கியவர்களே, நீங்களும் ஹலாலாக்குகிறீர்களா, அல்லது மிச்சத்தைத் திருப்பித் தரவா? தயவுசெய்து இந்தப் பதிவுக்கு இன்றைக்கே ஒரு பதில் எழுதுங்கள்.