தங்கராஜு கொண்டுவந்த சளி

டாக்டர் பிரேமளாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த வருடம் அவர் துடைத்த துடைப்புக்குக் கண்ணாடி தேய்ந்து போகாததே அதிசயம்.

எங்கள் மூவார் நகரில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைகளில் பாதிப் பேர் இருமுகிறார்கள். அதில் மரத்தூள் இருமல் எது, காசநோய் இருமல் எது என்று சீக்கிரம் பிரித்துக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் நான் அவருக்கு உதவி. அதாவது, சளி டப்பாக்களைத் திறக்கும் பாக்கியம் பெற்றவள்.

"காலையில எந்திரிச்சதும் நெஞ்சிலேர்ந்து இருமி எடுங்க. எச்சில் வேணாம்" என்று தமிழிலும் மலாயிலும் தொண்டை வற்றச் சொல்வோம். எச்சில்தான் வரும். ஒருவர் கோப்பி குடித்துவிட்டுத் துப்பியிருந்தார். இன்னொருவர், டாக்டர் பார்க்கப் போகிறாரே என்று வாசனைத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுத் துப்பியிருந்தார். டப்பா கமகமக்கிறது! அட கடவுளே, நாங்கள் என்ன அத்தர் கடையா வைத்திருக்கிறோம்?

"எங்கப்பா அப்பவே சொன்னார், ரயில்வேயில சேருன்னு" என்று டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

இந்த லட்சணத்தில்தான் தங்கராஜுவின் டப்பா வந்தது. கெட்டியான, அசல் நெஞ்சுச் சளி. நுண்ணோக்கியில் பார்த்தால் காசநோய்க் கிருமி கொட்டிக் கிடந்தது. ஆனால் நாற்காலிக்குப் பாலிஷ் போடும் அந்த மனுஷன் உரல் மாதிரி இருந்தார். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது.

"லோஷினி, டப்பாவ மாத்திட்டியா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் போட்டுச் சரிபார்த்தேன். மாறவில்லை.

"அப்ப இது யாரோட சளி?" டாக்டரின் முகம் மாறியது. "இவ்வளவு கிருமிய வச்சுக்கிட்டு யாரோ மருந்தில்லாம இருக்காங்க. கெளம்பு."

முகக்கவசம் போட்டுக்கொண்டு தங்கராஜுவின் வீட்டுக்குப் போனோம். சுற்றி வளைக்காமல் கேட்டார் டாக்டர். தங்கராஜு தலையைச் சொறிந்தார்.

"என்னோடது இல்ல டாக்டர். எவ்வளவு இருமியும் எனக்கு ஒண்ணும் வரல. நீங்க இவ்வளவு தூரம் வந்து கேக்குறீங்க, வெறும் டப்பாவ எப்படி நீட்டுறது? மரியாதை இல்லல்ல? வீட்டுல அவளுக்கு நல்லா வரும். கேட்டேன், குடுத்தா."

விருந்துக்குப் போகிறவர் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்ட மாதிரி சொல்கிறார்! இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அப்போது அவர் மனைவி ராசம்மா தேநீர்த் தட்டோடு வந்தாள். தோள் எலும்பு சட்டைக்கு வெளியே துருத்தியது. தட்டை வைத்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். இருமி முடிக்கவே நேரமானது.

"எப்பலேர்ந்து இப்படி?" என்றார் டாக்டர்.

"போன தீபாவளிக்கு முன்னாலேர்ந்து."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கம்பெனி ஆளுங்களத்தானே கேட்டீங்க. என்னைய யாரும் கேக்கலயே லா."

உண்மைதான். எங்கள் ஆராய்ச்சியில் தொழிற்சாலை ஆட்களுக்கு மட்டும்தான் இடம். அப்படித் திட்டம் போட்டவர் டாக்டர்தான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

ராசம்மா கணவரைப் பார்த்தாள். "அப்ப இவருக்கு ஒண்ணும் இல்லதானே டாக்டர்?"

"ஐயோ, அவர விடுங்கம்மா!" டாக்டர் கத்தியே விட்டார். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத குரல். "நோய் உங்களுக்கு! மருந்து ஒழுங்கா சாப்பிட்டா குணமாயிரும். நாளைக்கே வாங்க, நானே கூட இருக்கேன்."

ராசம்மா பயப்படவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டாள்.