கிருத்திகைக்கு மாத்திரையும் விரதம்

கண்ணாயிரத்தின் டீக்கடை பெஞ்சில் புது முகம் யாராவது உட்கார்ந்தால் போதும், காசிநாதன் சட்டையைத் தூக்கிவிடுவார். வலது அடிவயிற்றில் கதிர் அரிவாள் போல வளைந்த ஒரு தழும்பு. "கை வெச்சிப் பாருங்க. கெட்டியா தட்டுதா? என் சம்சாரத்து கிட்னி. ஒரிஜினல் மூங்கில்துறைப்பட்டு சரக்கு!" வந்தவர் பாதி வடையோடு நெளிவார். "யோவ், மனுசன துன்ன வுடுய்யா" என்பார் கண்ணாயிரம், கிளாசைக் கழுவிக்கொண்டே.

கிட்னியைக் கொடுத்த விஜயலட்சுமியின் தழும்பை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

காசிநாதனுக்குத் தொழில் கரும்பு. வெறி, சொட்டுநீர்க் குழாய். குழாய்க்குள் உப்புப் படிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆசிட் கலந்த தண்ணீரை ஓடவிட்டு, கடைசி மூடியைக் கழற்றி, அழுக்கு வெளியேறும் அழகைக் கண்குளிரப் பார்ப்பார். அடுத்தவர் வயலிலும் இறங்கிக் குழாயை உருவுவார். "இன்னாபா இது, பாதி அடச்சிக்கினு கீது. ஒனக்கெல்லாம் எதுக்கு சொட்டுநீரு?"

இவ்வளவு கறாரான மனிதர் மாத்திரை விஷயத்தில் மகா தாராளம். மாற்றிவைத்த சிறுநீரகத்தோடு உடம்பு சண்டைக்குப் போகாமல் இருக்க, இரண்டு வேளையும் விழுங்க வேண்டிய மாத்திரை அது. அமாவாசை, கிருத்திகை வந்தால் அதற்கும் விரதம். "மிஷினுக்கே லீவு வுடறோம். கிட்னி பாவமில்லியா?" ஈடுகட்டுவதற்குக் கல்வராயன் மலைக் கடுக்காயை இடித்துக் கஷாயம் குடிப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆசிட் வாஷ்'.

போன மாதம் சென்னை ஆஸ்பத்திரியில் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு தாளில் குழாய் வரைந்து, உள்பக்கமாகக் கோட்டைத் தடிமனாக்கினார். "கிட்னியோட ரத்தக் குழாய் இப்படித்தான் குறுகிட்டு வருது."

காசிநாதனுக்கு முகம் மலர்ந்தது. "உப்பு சார் அது! கஷாயம் ஜாஸ்தி பண்ணா பூடும்."

"உப்பு இல்லைங்க, குழாய்ச் சுவரே தடிக்குது. உங்க உடம்பு இந்தக் கிட்னிய வேத்தாளுன்னு நெனச்சு அடிக்குது. மாத்திரைய விட்டா அடி விழும். தடிச்சது தடிச்சதுதான். மிச்சத்தையாவது காப்பாத்திக்குங்க. இல்லன்னா மறுபடி டயாலிசிஸ்தான்."

ஊர் திரும்பியவர் டீக்கடையில் பொங்கினார். "ஒரே வூட்ல இவ்ளோ வருசமா சோறு துன்னுக்கினு கீறோம். என் பொண்டாட்டி கிட்னி எனக்கு வேத்தாளாம்! பாவம், டாக்டருக்கு சொட்டுநீரே தெரில."

"சண்ட போடாத பொண்டாட்டி புருசன் எந்த வூட்ல கீது? டாக்டரு சரியாத்தான் சொல்லிக்கீறாரு" என்றார் கண்ணாயிரம்.

அடுத்த கிருத்திகை சித்திரை வெயிலில் வந்தது. திருநீறு பூசி, கஷாயம் குடித்து, வயலில் குழாய் வரிசையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார் காசிநாதன். சொட்டுகள் மெலிந்து, நின்றன. மோட்டார் கொட்டகைக்கு ஓடினார். சுவிட்சின் மேல் கைவைத்து நின்றுகொண்டிருந்தார் விஜயலட்சுமி. காலடியில் ஒரு சொம்பு.

"ஏ, இன்னாடி பண்ற? இந்த வெயில்ல தண்ணிய நிறுத்தினா கரும்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"இன்னிக்குக் கிருத்திக. கரும்புக்கும் விரதம்."

"பைத்தியமா உனக்கு? பயிரு வாடிச்சின்னா மறுபடி தேறுமா?"

"தேறாதுங்களா?" என்றார் விஜயலட்சுமி. அவர் பார்வை காசிநாதனின் வலது அடிவயிற்றில் நின்றது. "கரும்பு உங்களுது. அது என்னுது. என்னுத நீங்க காயப் போட்டா, உங்களுத நான் காயப் போடுவன்."

காசிநாதன் கரும்பைப் பார்த்தார். மெல்லச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். முந்தானை முடிச்சிலிருந்து மாத்திரை வந்தது. சொம்புத் தண்ணீரோடு உள்ளே போனது. பிறகும் மோட்டார் ஓடவில்லை. அவர் வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் விஜயலட்சுமி சுவிட்சைப் போட்டார்.