யூரோ வந்த வருஷம்

நன்னிலம் பக்கத்துக் கலைமகளுக்கு மனசில் ஒன்றும் கிடையாது, வாய்தான் கொஞ்சம் நீளம். கணவன் குணசேகரன் கட்டட வேலைக்குக் குரோஷியா போனபோது, ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காகத் அதே ஊர்த் துரைராசுவிடம் நிலத்தை ஒத்தி வைத்தார்கள். நிலத்தை மீட்டதும் ஊருக்கு வந்து பழையபடி விவசாயம் பார்ப்பது என்று பேச்சு.

இடையில் அந்த நாடு தன் குனா நாணயத்தை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்துச் சில நாடுகளைப் போல யூரோவுக்கு மாறியது. ஏழாயிரம் வாங்கினவன் தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டான் என்று தெருவே சிரித்தது. "காசுதான் வேற, மதிப்பு அதேதான். சம்பளத்துல சல்லிக்காசு குறையல" என்று குணசேகரன் போனில் விளக்கினான்.

ஆனால் வீட்டுக்கு வரும் பணம் குறைந்தது. கூலியைப் புதுக் காசுக்கு மாற்றும்போது புள்ளி பிசகாமல் கணக்குப் போட்டவர்கள், ரொட்டிக்கும் அறை வாடகைக்கும் மட்டும் தாராளமாக ஏற்றி முழுசாக்கிவிட்டார்கள். விழுங்கத் தெரிந்தவனுக்கு எந்தக் காசாக இருந்தால் என்ன!

இதெல்லாம் கலைமகளுக்கு எங்கே எட்டும்? சம்பளம் குறையாதபோது வீட்டுக்கு வருகிற பணம் மட்டும் குறைந்தால், ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒருநாள் கேட்டேவிட்டாள்: "அங்க யாரையாவது வச்சிருக்கீங்களா?"

"பழைய மாதிரியே அனுப்புறேன் கலை" என்றான். அனுப்பவும் செய்தான். அதட்டினால்தான் வழிக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டாள், பாவி.

மறுவருஷம் சித்திரையில் நிலம் மீண்டது. சொன்னபடி குணசேகரனும் வந்தான். கூட வேலை பார்த்த கூத்தாநல்லூர் அஸார்தான் அவனைக் கைத்தாங்கலாகக் காரிலிருந்து இறக்கினான். பாதி ஆளாக இருந்தான்.

"ரூமைக் காலி பண்ணிட்டாருக்கா. அந்தக் குளிர்ல, கட்டுற கட்டடத்துலயே படுத்துக்குவாரு. ஒரு வேளைதான் சாப்பாடு. நெஞ்சு கெட்டுப்போச்சு. எவ்வளவோ சொன்னேன், கேக்கல" என்றான் அஸார்.

ஆற்றில் தண்ணீர் வந்தது. ஊரே நாற்று விட்டது. குணசேகரன் வரப்பு வரைக்கும் போய், மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். கலைமகள் துரைராசு வீட்டுக்கே போய், மீட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் கணவனின் காலடியில் விழுந்து அழுதாள்.

"கேக்கக்கூடாததைக் கேட்டுட்டேங்க. என் வாய் அழுகிப்போவும்."

அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நீ கேட்டதுல என்ன தப்பு? சம்பளமும் குறையல, நானும் செலவழிக்கல. யாருக்குக் கொடுத்தேன்னு எனக்கே தெரியல கலை" என்றான்.