வெள்ளை வண்டிக்கு ஊத்தின தண்ணி

என் வீட்டுக்காரரை ஷெட்டுல 'தண்ணி பார்ட்டி'ன்னு கூப்பிடுவாங்க. குடிகாரர்னு நினைச்சிடாதீங்க. வாடகைக் கார் கம்பெனியில முப்பது வண்டிக்கும் முன்கண்ணாடி கழுவுற தண்ணி ஊத்துறது அவர் வேலை. பானெட்டைத் தூக்கி, நீல மூடியைத் திறந்து, தொட்டியை நிரப்பி, ஒரு தடவை பீச்சிப் பார்த்துட்டு அட்டையில டிக் போடுவார். நான் அதே ஷெட்டுல சீட் துடைக்கிறவ.

அதுல ஒரு வெள்ளை வண்டியை ஓட்டினவன் என் தம்பி. ஒரு சாயங்காலம், எதிர்வெயில். முன்னாடி போன லாரி இவன் கண்ணாடியில சேத்தை வாரி அடிக்க, வைப்பர் அதை இழுவி விட்டுடுச்சு. ரோடு தெரியாம அந்த லாரியிலயே போய் மோதி, அங்கேயே செத்துட்டான். இருபத்தாறு வயசு. என் காலைச் சுத்தி வளர்ந்த பிள்ளை. இன்னும் வயிறு எரியுது.

ரெண்டு மாசத்துல புதுக் கண்ணாடி, புதுத் தொட்டியோட வண்டி திரும்பி வந்தது. எந்த டிரைவரும் தொடல, மூலையில நின்னது. அப்ப ஆரம்பிச்சதுதான் இந்தக் கூத்து. இவர் சாயங்காலம் நிரப்பி வெச்சா காலையில தொட்டி வறண்டு கிடக்கும். தரையில சொட்டு ஈரம் இருக்காது. கண்ணாடி முழுக்கத் தூசி, டிரைவர் பக்கம் மட்டும் துடைச்ச மாதிரி அரைவட்டம்.

மெக்கானிக் கழட்டிப் பார்த்தார். "தொட்டியில ஓட்டை இல்லண்ணே. பேட்டரியையே கழட்டி வெளியில வெச்சிருக்கு, வைப்பர் எப்படி ஓடும்?" அதுக்கப்புறம் அவர் அந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்கல.

இவருக்குச் சோறு இறங்கல, பாதியா இளைச்சுட்டார். ஒருநாள் காலையில நானும் கூடப் போனேன். அன்னிக்கும் காலி. கேனைத் தூக்கிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்னார்.

"எங்கிட்ட என்னத்த மறைக்கிறீங்க? சொல்லித் தொலைங்க."

கேனைக் கீழ வெச்சார். "அன்னிக்கு நேரமாயிடுச்சு. மச்சான் வண்டிதானே, கோவிச்சுக்க மாட்டான்னு ஊத்தாமலே டிக் போட்டுட்டேன். மோதினதுல தொட்டி உடைஞ்சுபோச்சு, காலியா இருந்தது யாருக்கும் தெரியல. யாரும் கேட்கல. நானும் சொல்லல."

அடிக்கணும்னுதான் கை போச்சு. ஆனா கேனை எடுத்து நானே ஊத்தினேன், ஏன்னு தெரியல.

மறுநாள் போய்ப் பார்த்தா தொட்டி தளும்பி நின்னது. கண்ணாடியில ஒரே சீராத் தூசி. அதுக்கப்புறம் ஒரு சொட்டு குறையல.

தம்பி அவரை விட்டுட்டான். நான்தான் இன்னும் தட்டுல சோத்தை வெச்சுட்டு, அவர் மூஞ்சியைப் பார்க்காமத் திரும்பிடறேன்.