சோலைமலை இறுக்கிய கம்பு

என் வீட்டுக்காரருக்கு ஆடுகிற பொருளைக் கண்டாலே ஆகாது. மண்வெட்டிக் காம்பு லேசாக ஆடினால் போதும், ஒரு தகரத் துண்டை மடித்துச் செருகி, கல்லால் நாலு தட்டுத் தட்டி இறுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் உலை கொதிக்கிறது, மனுசன் அரிவாள்மணையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பலகையை இறுக்கிக்கொண்டிருக்கிறார். "நீங்க கட்டிக்கிட்டது என்னையா, அந்த அரிவாமணையையா?" என்று கேட்டேன். சிரித்தாரே தவிர கையை எடுக்கவில்லை. சோலைமலை என்றால் அப்படித்தான்.

மலைநாட்டில், றொசல்லை ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அவருக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடிகளைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சீர்படுத்துவார். செடிகளை ஆள் முகம் மாதிரி அடையாளம் வைத்திருப்பார். 'அந்த மூணு கவட்டைக்காரன்', 'அந்தக் கூனி' என்று அவற்றுக்குப் பேர் வேறு. எனக்கு ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் வித்தியாசம் தெரியாது. கொழுந்து கிள்ளினோமா, கூடை நிறைந்ததா, அவ்வளவுதான்.

இந்தச் செடி ஞாபகம்தான் அவருக்கு வினையாக வந்தது.

ஐம்பத்தெட்டில் தமிழரை அடிக்கிற கலவரம் என்று செய்தி வந்தது. எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் கோயிலை உடைப்பார்கள், அம்மனைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று ஒரே பேச்சு. எங்கள் மாரியம்மன் வெண்கலத்தில் ஒரு முழ உயரம். திருவிழாவில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக ஊர்வலம் வருகிறவள். பெரிய கங்காணி சிவசாமிதான் கோயிலுக்குத் தலைவர். அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "டேய் சோலை, அம்மாவ எங்கயாச்சும் பொதைச்சு வச்சிரு. யாருக்கும் சொல்லாத. எனக்கும் சொல்லாத. நாலு அடி விழுந்தா நான் சொல்லிப்புடுவேன்" என்றார். அவர் உள்ளதைச் சொன்ன ஒரே நாள் அதுதான்.

இவர் விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுமுன்னே, அம்மனைச் சாக்கில் சுற்றி மலைக்குக் கொண்டுபோய் ஆழமாகப் புதைத்துவிட்டு வந்தார். எனக்கும் சொல்லவில்லை. "அடையாளம் இருக்கு புள்ள" என்று மட்டும் சொன்னார். என்ன அடையாளம் தெரியுமா? ஒரு தேயிலைச் செடி! வேறு யாராவது கல்லைப் பார்த்திருப்பார்கள், பாறையைப் பார்த்திருப்பார்கள். இவருக்குச் செடிதான் கண்ணுக்குத் தெரியும்.

கலவரம் அடங்கியது. நல்ல நாள் பார்த்து எடுக்கலாம் என்று கங்காணி தள்ளிப்போட்டார். அதற்குள் இவர் மழையில் தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது வழுக்கி விழுந்து கால் முறிந்து, டிக்கோயா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். திரும்பி வந்து, தடியை ஊன்றிக்கொண்டு மலைக்குப் போனார். நானும் கூடப் போனேன். மலை மொட்டையாகக் கிடந்தது. பழைய செடிகளை எல்லாம் வேரோடு பிடுங்கி, கான்களை மாற்றி வெட்டி, புதுக் கன்று நடுமுன் மண் தேறட்டும் என்று புல் போட்டிருந்தார்கள். பிடுங்கிய செடிகள் லயத்தில் விறகாக எரிந்துகொண்டிருந்தன. இவருடைய அடையாளச் செடியும் அதோடு போய்விட்டது.

தெரிந்த இடமெல்லாம் தோண்டினார், கிடைக்கவில்லை. புல்லுக்குள் கண்டபடி குழி வெட்டினால் வேலை போய்விடும் என்று தோட்டத்துத் துரை எச்சரித்துவிட்டார். அப்புறம் ஆரம்பித்தது பேச்சு. "சோலைமலை அம்மன வித்துட்டான்." முதலில் யார் சொன்னது என்று தெரியாது. அந்த நாக்கு அழுகிப்போக! கங்காணி மறுக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. திருவிழாவுக்கு அம்மன் படத்தை வைத்து ஊர்வலம் விட்டார்கள். வருசா வருசம் சாமி தூக்க முன்தண்டில் தோள் கொடுக்கிறவரை, "நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். நான் சும்மா இருப்பேனா? "என்னங்கடி, வித்த காசுல எனக்கு அட்டியல் வாங்கினத பாத்தீங்களா?" என்று குடத்தை நங்கென்று வைப்பேன். அவர் மட்டும் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போய் வந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பற்றி எரியும்.

இப்படி இரண்டு வருசம் போன பிறகு, தோட்டத்தில் பழைய தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தேடிப் பார்க்கத் துரை ஓர் ஆளை வரவழைத்தார். கினிகத்தேனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஹீன் பண்டா. உலக யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். கண்ணிவெடி தேடுகிற மெஷின் ஒன்றைப் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். நீளக் கம்பு, அடியில் தட்டு, தோளில் ஒரு பெட்டி. மண்ணுக்குள் இரும்போ வெண்கலமோ இருந்தால் பெட்டி 'ஙொய்' என்று கத்தும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கதையைக் கேட்ட பண்டா, தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, "சரி மல்லி, ஞாயித்துக்கெழம வாறேன். ஆனா பேட்டரி போற நெலமையில இருக்கு. இது முடிஞ்சா வேற இல்ல" என்றார். மெஷின் சத்தம் போட்ட இடத்தில் மட்டும் தோண்டலாம் என்று துரையும் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குத் தோட்டமே வந்துவிட்டது. பண்டா கம்பைப் பிடித்து நடந்தார். பத்தடி போவதற்குள் 'ஙொய்'. தோண்டினால் வெறும் மண். இன்னும் கொஞ்சம் தள்ளி 'ஙொய்'. அங்கேயும் மண். மெஷினின் கம்பு இரண்டு துண்டு. தட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற இடம் தேய்ந்து பொந்தாகிவிட்டது. சமதரையில் தெரியவில்லை. எங்கள் சரிவில் கால் வைக்கும்போதெல்லாம் தட்டு லொடக்கென்று ஆடியது, ஆடினால் மெஷின் சும்மாவே கத்தியது.

மத்தியானம் பண்டா லயத்துக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார். ஆடுகிற கம்பு என் வீட்டுக்காரர் கையில்! கேட்க வேண்டுமா? பிஸ்கட் டின்னில் ஒரு துண்டு வெட்டி, மடித்து, அந்தப் பொந்தில் செருகி நாலு தட்டு. கம்பு கல் மாதிரி நின்றது. மனுசனுக்கு வாயெல்லாம் பல்.

பண்டா திரும்பி வந்து, முடுக்கிவிட்டுக் கம்பைத் தாழ்த்தினார். 'ஙொய்' என்று பிடித்த சத்தம் நிற்கவே இல்லை. "அம்மா பேசுறா!" என்று ஒருத்தி கத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டு பேருக்குச் சாமி வந்துவிட்டது. மண்வெட்டிகள் விழுந்தன. ஆள் ஆழத்துக்குத் தோண்டியும் ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை. பண்டா குனிந்து கம்பைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ மல்லி! இரும்பு தேடுற மெஷினுக்கு நீ தகரத்த வச்சு அடிச்சிருக்கியே! அது அதோட சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருக்கு!"

மலை முழுக்கச் சிரித்தது. கங்காணி சிவசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மா இங்க இருந்தாத்தானே கெடைக்கும்?" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்த ஞாயிறும் வருவதாகப் பண்டா சொன்னார். அன்றும் கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சு என் வீட்டுக்காரரோடு சுடுகாடு வரைக்கும் வரும் என்று எனக்குத் தெரிந்தது.

பண்டா நல்ல மனுசன். தட்டையும் கம்பையும் எங்களிடமே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். "ஆணி, கம்பி, தகரம் ஒண்ணும் வேணாம். வேற எதையாச்சும் வச்சு இறுக்கு." கூடவே பழைய சைக்கிள் டியூப் ஒன்றைப் பஸ்காரர் மூலம் அனுப்பிவைத்தார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கம்புதான் பிள்ளை. விறகுக் குவியலில் காய்ந்த தேயிலைக் கட்டை ஒன்றை எடுத்துச் சின்னச் சின்ன ஆப்பாகச் சீவினார். ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி, ஒன்று செருகும்போதே பிளந்தது. முதலில் வைத்தது பனியில் ஊதி, அடுப்படிச் சூட்டில் சுருங்கி, மறுபடி ஆடியது. இன்னும் நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவி வேறொன்று வைத்தார். அதற்கு மேலே டியூப்பை வாராக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றினார். வேலை விட்டு வந்ததும் கம்பைப் பிடித்து உலுக்குவார், காதை வைத்துக் கேட்பார். "என்னைய ஒரு நாள் இப்புடி ஆசையா புடிச்சிருப்பீங்களா?" என்றேன். "நீ ஆட மாட்டியே புள்ள" என்றார். அந்த நிலைமையிலும் பேச்சைப் பாருங்கள்!

இரண்டாம் ஞாயிறு கூட்டம் பாதிகூட இல்லை. கங்காணி வந்திருந்தார், தோற்பதைப் பார்க்கத்தான். பண்டா பெட்டியை மாட்டி முடுக்கினார். பேட்டரி போகிற நேரம், சத்தம் கொசு மாதிரி வந்தது. நான் கிட்டே போனேன், 'ஙொய்'. "அக்கே, கால்ல என்ன?" என்றார் பண்டா. மெட்டி! கழற்றக் குனிந்தேன். என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். "கழட்டாத வேலாயி! தள்ளிப் போய் நில்லு, போதும்." தன் இடுப்புக் கத்தியை உருவி என்னிடம் கொடுத்து, என்னைக் கானுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். தாலி கட்டியவரின் மானம் போகிற நேரத்தில் நான் தூரத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

கம்பு சரிவில் ஏறியது, இறங்கியது. ஒரு சத்தம் இல்லை. பண்டா வேண்டுமென்றே உலுக்கிப் பார்த்தார். அப்போதும் இல்லை. பொழுது சாயச் சாய எனக்கு அதுவே பயமாகிவிட்டது. முன்பாவது பொய்ச் சத்தம் இருந்தது, இப்போது அதுவும் இல்லையே!

புதிதாக வெட்டிய கானின் மேற்கரையில் மெஷின் மெல்ல முனகியது. பண்டா கம்பைத் தூக்கினார், நின்றது. தாழ்த்தினார், முனகியது. மூன்று தடவை அப்படிச் செய்தார். "மல்லி, இங்க" என்றார். உடனே பேட்டரி அடங்கிப்போனது.

கங்காணி, "இன்னொரு குழியா?" என்றார். என் வீட்டுக்காரர் காதில் வாங்கவில்லை. மண்வெட்டி பட்டுவிடும் என்று, கொஞ்சம் வெட்டிவிட்டு அப்புறம் கையாலேயே வாரினார். முதலில் மக்கிப்போன சாக்கு நூல் வந்தது. அப்புறம் பச்சை படிந்த ஒரு சின்னக் கை, அபயம் காட்டுகிற கை.

நான் மெட்டியும் கத்தியுமாகக் கானைத் தாண்டி ஓடினேன். குலவை கிளம்பியது. கங்காணி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டார். எழுந்து, "சோலை, மன்னிச்சிருடா" என்றார். அவரைக் கேட்பதற்கு என் நாக்கில் இரண்டு வருசப் பேச்சு தயாராக இருந்தது. "இப்ப என்ன சொல்றீங்க கங்காணி?" என்று ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக் கான் கரையில் உட்கார வைத்தார். கையெல்லாம் மண். அம்மனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் முன்னே போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"அவங்கள வையாத புள்ள," என்றார். "எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் வித்துப்புட்டு மறந்துட்டேனோன்னு எனக்கே பயம் வந்துருச்சு."

அதுவரை எனக்குக் கோபம்தான் வந்திருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. அந்த மண்ணுக் கைகளை என் மடியில் வைத்துக்கொண்டு, ஒப்பாரிக்காரி மாதிரி ஓவென்று அழுதேன்.