பின்னால் எறியத் தெரிந்தவர்

டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊர்ப் பூங்காவில் காரை நிறுத்தி இறங்கிப் புளியோதரை டப்பாவைத் திறக்கிறேன். எதிரே ரக்பி லீக் பயிற்சி. அணிக்குப் பதின்மூன்று பேர் வேண்டும். வந்திருப்பது ஒன்பது பேர்.

பந்தைப் பின்னால் வருபவரிடம்தான் எறிய வேண்டும் என்று கோச் தொண்டை கிழியக் கத்துகிறார். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடி வளர்ந்த தடியர்கள் பழக்க தோஷத்தில் முன்னாலேயே எறிகிறார்கள். தொப்பை வைத்த ஒருவர் மட்டும் தப்பே செய்வதில்லை. இடைவேளையில் புளியோதரை வாசனைக்கு அவரே வந்து, "தமிழுங்களா?" என்கிறார்.

"ஆமாங்க. ரொம்ப நாளா ஆடறீங்களா?"

"ஈரோட்டுல பந்தையே தொட்டதில்லைங்க. மறக்கறதுக்கு ஒண்ணுமில்லாத ஆளுன்னு கோச் செலக்ட் பண்ணிட்டாரு. நீங்க ஃபுட்பால் ஆடியிருக்கீங்களா?"

"சத்தியமா இல்லை."

அவர் கோச்சைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறார். புளியோதரைக் கையோடு நிற்கும் என்மேல் ஒரு ஜெர்சி பறந்து வந்து விழுகிறது.