வெளிச்சவீட்டுக்காரனை நான் கொன்ற கதை

போன வாரம் பேராதனையிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்குப் பின் ஆசனத்தில் நான்கு பெண்பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பரீட்சை எழுதிவிட்டு வருகிறார்கள் போலிருந்தது. கையில் கேள்வித்தாள், விரலில் மை. "மூணாவதுக்கு நீங்க என்னடி எழுதினீங்க?" என்று ஒருத்தி தொடங்கினாள். மற்ற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். நான்காவது பிள்ளை மட்டும், "ஐயோ, விடுங்களேன். எழுதினது எழுதினதுதானே" என்றாள். கேள்வித்தாளை நாலாக மடித்துப் பைக்குள் தள்ளினாள். அதைக் கேட்டுக்கொண்டே இருந்ததில் நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. மழையில் திரும்பி நடந்து வந்தேன். அந்த நடையில்தான் ஹனீபாவின் நினைவு வந்தது. வந்தது என்ன, அவன் எங்கே போனான் வருவதற்கு?

எங்கள் காலத்துக் கேள்வித்தாளுக்கு ஒரு வாசம் உண்டு. சீமையில் அச்சடித்து, முத்திரை வைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். ஹனீபா அதை மூக்கில் வைத்து, "கடல் மணக்குதுடா" என்பான். எனக்கென்னவோ மண்ணெண்ணெய்தான் மணக்கும். நாங்கள் எழுதிய விடைகளும் அதேபோலக் கப்பலேறிப் போகும். முகம் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் திருத்தி, முடிவு வந்து சேர மூன்று மாதத்துக்கு மேலாகும். அந்த மூன்று மாதமும் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. கண்டித் தெருக்களில் நாங்கள் அப்படியே திரிவோம்.

ஆங்கில இலக்கியத்துக்கு எங்களுக்கு ஒரு நாவல் வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு கடற்கரையில், கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டைக் காவல் காக்கும் கிழவன் ஒருவனின் கதை. வகுப்பில் பதினான்கு பேர். புத்தகம் இரண்டே இரண்டு. அதிலும் ஒன்றைக் கறையான் ருசி பார்த்திருந்தது. ஆகையால் வாத்தியார் அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கம் சொல்வார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். பிறகு அதைப் பாடமாக்குவோம். நீங்கள் சிரிப்பீர்கள். நாவலை ஒரு பக்கம்கூட வாசிக்காமலே அதில் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். கடலையே பார்த்திராதவர்களும் எங்களில் இருந்தார்கள்.

கடைசி மூன்று அத்தியாயங்களை வாத்தியார் சொன்ன அன்று நான் வகுப்பில் இல்லை. கண்டி ஸ்டேஷனில் ஒரு நாடகக் கம்பெனி வந்து இறங்கியிருந்தது. வர்ணம் பூசிய சீன் திரைகளை ரயிலிலிருந்து இறக்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அரண்மனை, காடு, சுடுகாடு என்று ஒவ்வொன்றாகச் சுருட்டிச் சுருட்டி வண்டியில் ஏற்றினார்கள். அன்று மாலையே ஹனீபாவின் தம்பி என் வீட்டுக்கு வந்து நின்றான். ஹனீபா மூன்று வாரமாக மலேரியாவில் கிடந்தான். "நானாவுக்கு நோட்டு வேணுமாம்" என்று அண்ணனுக்காகக் கேட்டான் தம்பி.

வகுப்புக்குப் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கம். விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு நானே ஒரு முடிவை எழுதினேன். நாடகம் பார்த்துப் பழகியவனுக்கு முடிவு என்றால் சாவுதானே? புயல் அடிக்கிறது. விளக்கு அணைகிறது. கிழவன் அதை ஏற்ற மாடிப்படி ஏறி, அலையில் அடிபட்டுச் செத்துப்போகிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு திருப்தி. நோட்டைத் தம்பியிடம் கொடுத்து, "வாத்தியார் சொன்னது, ஒண்ணு விடாம இருக்குன்னு சொல்லு" என்றேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தர்மலிங்கத்தின் நோட்டைப் பார்க்கக் கிடைத்தது. தர்மலிங்கம் யாழ்ப்பாணத்துப் பையன். விடுதியில் தங்கிப் படித்தவன். வாத்தியார் இருமினால்கூட எழுதி வைப்பான். அதில் கிழவன் சாகவே இல்லை! புயலில் பிழைத்து, வேலையை விட்டு, மகள் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறான். அவ்வளவுதான் முடிவு. ஹனீபாவிடம் நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று ஆறு நாள் போனது. ஏழாம் நாள் பரீட்சை.

ஹனீபாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் வாப்பாவுக்குக் கண்டியிலேயே, கொழும்புத் தெருவில் குடைக்கடை. ஹனீபாவுக்கோ அப்போதிக்கரி ஆக ஆசை. ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டோடு மருந்து கலப்பவரைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவான். வாப்பா சொல்லிவிட்டார்: இந்த ஒரு தடவை பாஸ் பண்ணினால் கொழும்புக்குப் படிக்க அனுப்புவேன், இல்லையென்றால் கடையில் உட்கார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பரீட்சை முடிந்தால் குளக்கட்டுக்குப் போய் விடை ஒப்பிடுவது எங்கள் வகுப்பின் வழக்கம். அங்கே மதிலில் அந்தக் காலத்து ராசா விளக்கு வைக்கக் கட்டிய முக்கோண மாடங்கள் வரிசையாக இருக்கும். அன்று தூறல். ஹனீபா கொண்டு வந்த கடைக்குடையின் கீழ் அவனும் தர்மலிங்கமும் நானும் நெருக்கி நின்றோம். காய்ச்சலில் இளைத்துப்போன கைதான் குடையைப் பிடித்திருந்தது.

"ஒண்டிலயிருந்து ஒழுங்கா வருவம்" என்றான் தர்மலிங்கம். அவன்தான் எங்கள் நீதவான்.

ஒன்றாம் கேள்வி, இரண்டாம் கேள்வி. ஹனீபா எல்லாம் சரியாகவே எழுதியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நான் ஐந்தாவது வருவதை எண்ணிக்கொண்டு நின்றேன். ஐந்தாவது கேள்வி கட்டாயக் கேள்வி, மார்க்ஸும் அதற்குத்தான் அதிகம். கதையின் முடிவு பொருத்தமானதா என்று கேட்டிருந்தார்கள்.

"போதும்டா, பசிக்குது. டீ குடிக்கப் போவோம்" என்றேன்.

"பொறு. இன்னும் ரெண்டுதான்" என்றான் தர்மலிங்கம்.

நாலாவதும் முடிந்தது.

"அஞ்சாவது எனக்கு லேசு" என்று ஹனீபா சிரித்தான். "நோட்டுல ஈக்கிற மாதிரியே எழுதினேன். புயல்ல வெளக்கேத்தப் போய் மவுத்தாகிறான்தானே. அந்தக் கடமைக்காகச் செத்தது பொருத்தம்தான்னு ரெண்டு பக்கம் எழுதினேன்."

தர்மலிங்கம் அவனை ஒரு மாதிரிப் பார்த்தான். "ஆர் செத்தது? அவன் கடைசி வரைக்கும் சாகேல்லையே. உனக்கு ஆரடா உப்பிடிச் சொன்னது?"

ஹனீபா என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லி எல்லாவற்றையும் சரிப்படுத்திவிடுவேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"நானும் அப்படித்தான்டா எழுதுனேன். எனக்குக் கேட்டது அப்படித்தான்."

அவன் ஐந்தாவது கேள்வியை இன்னொரு தடவை வாசித்தான். பிறகு என் தோளில் கையைப் போட்டான். "அப்ப விழுந்தா ரெண்டு பேரும் ஒண்ணா விழுவோம். நீ கவலப்படாத. வெள்ளக்காரன் மத்த கேள்வியப் பார்த்து மார்க்ஸ் போடுவான், இன்ஷா அல்லாஹ்." கேள்வித்தாளைச் சுருட்டி, மதிலின் ஒரு மாடத்துக்குள் திணித்தான். "இனி இதப் பார்க்க வேணாம்."

அந்த மூன்று மாதத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். ஹனீபா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்து நேரே என் வீட்டுக்கு வருவான். நான் வாடிப்போயிருப்பதைப் பரீட்சைப் பயம் என்று நினைத்துக்கொண்டு எனக்குத் தைரியம் சொல்வான். உம்மா இனிப்பாகச் செய்து கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தை ஒரு கிண்ணத்தில் வைத்து மூடிக் கொண்டு வருவான். அவன் முன்னால் கிண்ணத்தைத் திறக்கவே கூசும். என்றாலும் தின்றேன்.

முடிவு பள்ளிக்கூடப் பலகையில் ஒட்டப்பட்டது. பெயர் இல்லை, இலக்கம் மட்டும். ஹனீபா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே போனான். முதலில் என் இலக்கத்தைத்தான் தேடியிருக்கிறான்.

"டேய், நீ பாஸ்! பாஸ்டா!" என்று கத்திக்கொண்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்தான். பிறகு திரும்பிப் போய்த் தன் இலக்கத்தைத் தேடினான். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. நான் பின்னால் நின்று அவன் விரல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

மெதுவாக என் பக்கம் வந்தான். "அஞ்சாவதுக்கு நீ என்ன எழுதின?"

"உருளைக்கிழங்கு உரிக்கிறான்னு" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

தலையை ஆட்டினான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"மூணு மாசமா நான் ஒனக்கும் சேத்துத்தான் துஆ கேட்டேன்டா" என்றான்.

அதுதான் அவன் என்னைக் கடைசியாக டா போட்டது. அடுத்த வாரம் அவன் தம்பி, கடைக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே என் நோட்டு.

பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் ஹனீபா அந்தக் கடையில் இருந்தான். நானும் வருஷம் தவறாமல் குடை வாங்கப் போனேன். தேவை இல்லாத வருஷங்களிலும் போனேன். "வாங்க, உக்காருங்க. கம்பிய விரிச்சுப் பார்த்து எடுங்க" என்பான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வேறு கேள்வியிலும் அவன் தவறியிருக்கலாம் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் அந்தக் கதிரையில் உட்கார்ந்து எனக்கு ஒரு நாளும் வாய் வரவில்லை.

இப்போது கப்பலில் கேள்வித்தாள் வருவதில்லை. ஹனீபாவும் இல்லை. குடைக்கடை இருந்த இடத்தில் போட்டோ பிடிக்கிறார்கள். தர்மலிங்கம் எந்த ஊரில் இருக்கிறானோ தெரியாது. பஸ்ஸில் அந்தப் பிள்ளையிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம், நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிட்டாள். நோட்டு மட்டும் என் அலுமாரியில் கிடக்கிறது. கிழவன் செத்துப்போகும் அந்தக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஹனீபா பென்சிலால் மூன்று சரி போட்டிருக்கிறான். மூன்று தடவை பார்க்காமல் ஒப்புவித்ததற்கு அடையாளம். என்னால் அந்தப் பக்கத்தை இன்றுவரை ஒரு தடவைகூட முழுதாக வாசிக்க முடியவில்லை.